பதினோரு டிகிரி கூடுதல்

யார்டு வாசலில் சிக்னல் பிடித்ததும்
நாற்பத்தொன்றாம் எண் லாரி
மூன்று நாள் சேதியை ஒரே மூச்சில் கொட்டியது.
எண்ணெய் அழுத்தம், பிரேக் காற்று, டயர் எல்லாம் பச்சை.
இடது பின்சக்கரம், உள்பக்கம்:
தன் ஜோடியைவிடப் பதினோரு டிகிரி கூடுதல்.
சிவப்பு இல்லை, மஞ்சள்.
சிவப்பென்றால் யோசிக்க ஒன்றுமில்லை,
நிறுத்திவிடலாம்.
இந்த மஞ்சள்தான் ஆளைப் பாடாய்ப் படுத்தும்.

வெளியே கோபிப் பாலை, மைனஸ் முப்பத்தொன்று.
டீசல் கூழாகிவிடக் கூடாதென்று
இரவெல்லாம் அணைக்காமல் உறுமும் அறுபத்திரண்டு லாரிகள்.
எல்லைவரை போகும் நிலக்கரிச் சாலையில்
கைப்பேசி உயிர்பெறும் இடம்
மூன்றே மூன்று.

தாஷ்ஸெவெக் கையுறையைக் கழற்றி
எப்போதோ ஆறிப்போன ஹப்பின்மேல்
உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.
"ஒன்றுமில்லை, ஸோல்ஸயா.
பத்தொன்பது வருஷம்.
சக்கரம் மக்கர் பண்ணினால்
என் முதுகெலும்புக்குத்தான் முதலில் தெரியும்."

அது தெரியவரும் நேரத்தில்
நீங்கள் எழுபதில் போய்க்கொண்டிருப்பீர்கள்,
எதிரில் இன்னொரு லாரி வரும்
என்று நான் சொல்லவில்லை.
"இன்றைக்கு வண்டி போகாது" என்றேன்.

நடை ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி.
இருபதாம் தேதி வங்கித் தவணை.
அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபம்.
உப்புத் தேநீர் ஃபிளாஸ்கை மூடி
இருக்கையிலிருந்த கம்பளியை மடித்து எடுத்துக்கொண்டு
இறங்கிப் போனார்.

பட்டறையில் புரெவ்சுரென் பேரிங்கைக் கழற்றி
டீசலில் கழுவி
தலைவிளக்கின் கீழ் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"புதுசு மாதிரிதான் இருக்கு.
இதோ, முடி கனத்துக்கு ஒரு கோடு.
நோயின் கோடா,
நான் இழுத்தபோது விழுந்ததா,
சத்தியமாகத் தெரியாது."

புதியது மாட்டினோம். மறுநாள் வண்டி போனது.

இப்போது திரை கேட்கிறது.
வேலைச்சீட்டை முடிக்க இரண்டே பொத்தான்:
பழுது உண்டு.
பழுது இல்லை.
தெரியாது என்பதற்குப் பொத்தான் வைக்க
யாருக்கும் தோன்றவில்லை.

வெறும் கணக்கென்றால்
கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை அமுக்கியிருப்பேன்.
ஆனால் என் பதிலைத் தின்றுதான் அது வளர்கிறது.
இல்லை என்றால்
அடுத்த முறை பதினோரு டிகிரிக்கு வாய் திறக்காது.
உண்டு என்றால்
ஒன்பதுக்கே கூவும்,
நல்ல வண்டிகள் நிற்கும், கூலிகள் நிற்கும்,
பிறகு ஒருநாள் அது உண்மையாய்க் கூவும்போது
எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

போன டிசம்பரில்
பதினெட்டாம் எண்ணுக்கு எல்லாமே பச்சைதான்.
உடைந்தது சென்சார் இல்லாத இடம்.

உலான்பாத்தரிலிருந்து மேலாளர் கேட்கிறார்:
இந்த மாதம் எத்தனை விபத்தைத் தடுத்தீர்கள்?
நடக்காததை நான் எந்த விரலில் எண்ணுவது?
எண்ணத் தொடங்கினால்
நேற்று பத்திரமாய் வந்து சேர்ந்த எல்லோரையும்
அல்லவா எண்ண வேண்டும்?

பதினாறு நாளாகச் சீட்டு திறந்தே கிடக்கிறது.
தினமும் காலை எட்டு மணிக்குத் தவறாமல் நினைவூட்டல்.
பேரிங் என் மேஜையில்,
காகிதங்கள் பறக்காதிருக்க.
ஆளில்லா நேரத்தில் சுண்டிச் சுழற்றிப் பார்ப்பேன்.
நான்காவது சுற்றில் ஒரு சின்னத் தயக்கம்.
அல்லது கன்டெய்னர் கதவிடுக்கில் புகும் காற்று.

நேற்று தாஷ்ஸெவெக் வந்தார்,
புருவத்தில் பனி உருகச் சாவியை வைத்தார்.
பேரிங்கை எடுத்துக் காதோரம் பிடித்து
மெல்லச் சுற்றினார்.
மறுபடி சுற்றினார்.
இருந்த இடத்திலேயே வைத்தார்.

என்ன கேட்டதென்று அவர் சொல்லவில்லை.
போகும்போது வாசலில் நின்று,
"வலது பக்கம் எவ்வளவு காட்டுது?" என்றார்.